அடுப்புல பால் வச்சிருக்கேன்

வாசகர் கூட்டங்களில் கொடுக்கும் டீ எப்போதும் ஆறிப்போய்த்தான் இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரவேற்புரை, வாழ்த்துரை, நூல் அறிமுகம் என்று ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து முடிப்பதற்குள் எந்த டீயும் ஆறத்தான் செய்யும். நான் அதைக் குடித்துவிடுவேன். கொடுத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவது மரியாதை இல்லை என்று என் மனைவி சொல்வாள்.

இதை எழுதச் சொன்னவர் காவல் நிலைய ஆய்வாளர். "நாங்க எழுதினா வக்கணையா வராது சார். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி ஆரம்பத்துலேர்ந்து எழுதுங்க" என்றார். அவர் என் புத்தகங்களைப் படித்தவராம். காகிதமும் பேனாவும் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தார். இத்தனை வசதி வீட்டில்கூட எனக்கு வாய்த்ததில்லை. ஆகவே பொறுமையாகவே எழுதுகிறேன்.

நான் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறவன். ரயிலில், மருத்துவமனை வராந்தாவில், முடிவெட்டும் கடையில் என்று எங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறதோ அங்கே என் புத்தகம் கிடக்கும். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. காத்திருப்பவர்களுக்கும் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் மாடிக் கூடத்தில் என் புதிய நாவலைப் பற்றிக் கலந்துரையாடல். பதிப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் சன்னல் ஓரமாக நின்றார்கள். என் கூட்டத்தில் ஆள் நிற்பது அதுவே முதல் தடவை. பதிப்பாளருக்கு முகமெல்லாம் பல். அவர் பேசும்போது, "இதுவரைக்கும் நம்ம சார் கதைகள்ல பிணம் விழும், நாம பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடுவோம். இந்தப் புத்தகத்துல பதினோராவது அத்தியாயத்தைத் தாண்ட முடியாம நான் ரெண்டு நாள் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்" என்றார். பலரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் அந்த இடத்தில் அழுதுவிட்டதாகச் சொல்லி, சொல்லும்போதே மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தனியாக வசிக்கிறாள். மாடியில் குடியிருப்பவன் நல்லவன்போல நடந்துகொண்டு, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே நம்பி இருக்கும்படி செய்கிறான். கடைசியில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில் அவளைப் பூட்டிவிடுகிறான். அவளுக்கு ஆஸ்துமா. அறையில் அப்போதுதான் வார்னிஷ் அடித்திருக்கிறது. பதினோராம் அத்தியாயம் முழுக்க, மூடிய கதவுக்குப் பின்னால் அவளுடைய குரல் மட்டும்தான். அந்த அத்தியாயத்தில் அவள் சொல்லும் ஒரு வசனத்தைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்: "அடுப்புல பால் வச்சிருக்கேன்." உயிர் போகிற நேரத்திலும் பால் பொங்கிவிடுமே என்று கவலைப்படுகிறாளே, இதுவல்லவா வாழ்க்கை என்று ஒரு விமர்சகர் எழுதினார். பதிப்பாளர் அதை அடுத்த பதிப்பின் பின்னட்டையில் போட ஆசைப்பட்டார். சஸ்பென்ஸ் போய்விடும் என்று சொல்லி நான்தான் தடுத்தேன்.

கேள்வி நேரம் வந்தது. வழக்கமான கேள்விகள். கரு எங்கிருந்து கிடைக்கிறது, காலையில் எழுதுவீர்களா, கையால் எழுதுவீர்களா. பிறகு ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். அவருடைய பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துணுக்குகள் செருகியிருந்தன. அப்படி வாசிப்பவர்களைக் கண்டால் எழுத்தாளனுக்கு மகிழ்ச்சியும் வரும், பயமும் வரும்.

"தப்பா நினைக்காதீங்க சார். மூணாவது அத்தியாயத்துல அந்த ஆளு, ரிப்பேர் பண்ணிட்டு வரேன்னு சொல்லி அடுப்பைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடறான். அவன் வாங்கிட்டு வர்றதைத்தான் இவங்க சாப்பிடணும்னு. அப்புறம் அடுப்பு திரும்பி வரவே இல்ல. நான் ரெண்டு தடவ தேடிப் பார்த்துட்டேன். ஆனா பதினொண்ணுல அந்தம்மா அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொல்றாங்க. எந்த அடுப்பு சார்?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த என் மகள் சிரிக்கவில்லை. அவள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். கூட்டத்துக்காக வந்திருந்தாள். இந்த நாவலை அவள் படித்திருக்கவில்லை. "அம்மா இல்லாம வர்ற முதல் புக். கொஞ்ச நாள் போகட்டும்ப்பா" என்று சொல்லியிருந்தாள். நான் வற்புறுத்தவில்லை.

எந்த அடுப்பு என்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் எழுதும் கொலைகளை வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. இரண்டு அறை உள்ள வாடகை வீடு. கதையில் ஒருவனை நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். அவன் நாற்காலியோடு நகர்ந்து மேசையில் இருக்கும் மணியை அடிக்க முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மனைவியை உட்காரவைத்துக் கட்டினேன். "மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போன நாட்களில் நான் நாற்காலியில் செத்துக்கொண்டிருந்தேன்" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அன்றைக்கு அவள் நடுவில், "அவிழ்த்து விடுங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று கத்தினாள். நான் அதையும் நடிப்பு என்றே நினைத்துக் காத்திருந்தேன். பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். அவள் என்னைத் திட்டிய திட்டு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அன்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். ஒத்திகையில் 'விடுங்கள்', 'காப்பாற்றுங்கள்', 'போதும்' எதுவும் செல்லாது. சாகிறவர்கள் அதையெல்லாம் சொல்வார்கள். உண்மையாகவே நிறுத்த வேண்டுமென்றால் 'அடுப்புல பால் வச்சிருக்கேன்' என்று சொல்ல வேண்டும். உலகத்தில் எந்தக் கொலைகாரனிடமும் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. கேட்டவுடன், எந்த நிலையில் இருந்தாலும், மற்றவர் நிறுத்திவிட வேண்டும்.

அந்தச் சட்டம் எங்கள் குடும்பத்தில் வேரோடிவிட்டது. என் மனைவி எத்தனையோ விதமாகச் செத்தாள். மாடிப்படியில் உருண்டாள், குளியல் தொட்டியில் மிதந்தாள், கம்பளத்தில் சுருட்டப்பட்டு வாசல் வரை இழுக்கப்பட்டாள். பதிப்பாளர் அவளை 'ஆஸ்தானப் பிணம்' என்பார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, படிக்கட்டின் அடியில் கிடக்கும் அம்மாவைத் தாண்டிக்கொண்டு போய், "சாப்பிட என்னம்மா இருக்கு?" என்பாள். பிணம் கண்ணைத் திறக்காமல், "மூடி வச்சிருக்கேன், எடுத்துக்கோ. அப்பா பாத்துட்டிருக்கார், நான் அசையக் கூடாது" என்னும். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மகளும் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டாள். மதிப்பெண் குறைந்ததற்காக ஒருநாள் நான் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, மெதுவாக, "அப்பா, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்றாள். பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டேன். பொய் சொல்லியிருக்கிறேன், சொன்ன வாக்கைக் காற்றில் விட்டிருக்கிறேன், ஆனால் இந்த ஒரு சட்டத்தை நான் மீறியதே கிடையாது. ஒரே ஒரு நாள் நீங்கலாக என்று இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்கு வருகிறேன். ஆசிரியைக்கு நான் எழுத்தாளன் சொல்லும் பதிலைச் சொன்னேன். சாகும் தறுவாயில் மனம் இன்றைய வீட்டில் இருப்பதில்லை, அந்த அடுப்பு அவளுடைய சமையலறையில் இல்லை, நினைவில் இருக்கிறது, என்றேன். கைதட்டினார்கள். ஆசிரியை, "அப்ப சரி சார், நான்தான் அந்த ஆழத்துக்குப் போகல" என்று உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தேன். அதற்குள் என் மகள் கையை உயர்த்தினாள்.

பதிப்பாளருக்கு ஒரே உற்சாகம். "வீட்டுக்குள்ளேர்ந்தே ஒரு கேள்வி வருது" என்று மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் எழுந்து நின்றாள். அவள் நிற்கும் விதம் அவள் அம்மா நிற்கும் விதம். ஒரு காலில் பாரம் போட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து.

"அவங்க எத்தனை தடவ சொன்னாங்க?" என்றாள்.

"ஒரு தடவைதாம்மா" என்றார் ஆசிரியை, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. "அத்தியாயத்தோட கடைசில. இதோ இருக்கு."

"நான் அப்பாவைக் கேக்கறேன்."

மைக் லேசாகக் கரகரத்தது. எனக்கு முன்னால் டீ இருந்தது. எடுத்துக் குடித்தேன். மகள் காத்திருந்தாள். பேசாமல் காத்திருப்பதில் அவள் என்னைக் கொண்டவள். பிறகு மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, நின்றவர்களை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று கூடம் புரிந்துகொண்டது. அடுத்த கேள்வி, தொடர்கதை எழுதுவது பற்றி. பதில் சொன்னேன். புத்தகங்களில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை ஆய்வாளர் வீட்டுக்கு வந்தபோது, வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராகத்தான் இருந்தேன்.

இனி அந்த மதியத்தைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முன் என் மனைவியின் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எழுதும் எல்லாவற்றுக்கும் முதல் வாசகி அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படிப்பாள். இவன் இடது கைக்காரன், வலது கையால் எப்படிச் சாவியைத் திருப்பினான்? மழை நின்று நாளாயிற்று, குடை ஏன் ஈரமாக இருக்கிறது? சாவி, குடை, கடிகாரம், அடுப்பு எல்லாம் அவள் இலாகா. என் கதைகளில் பிழையே இருக்காது என்று வாசகர்கள் சொல்வார்கள். அந்தப் பெயர் அவளால் வந்தது. நான் அவள் பெயரை எந்த முன்னுரையிலும் குறிப்பிட்டதில்லை. அவள் கேட்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

சில வருடங்களாகப் புத்தகங்கள் விற்கவில்லை. அரைத்த மாவையே அரைக்கிறார் என்று பேச்சு வந்தது. நான் அவளிடம் கேட்டேன். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கதையில சாகறவங்களுக்கு வலிக்கவே இல்லங்க" என்றாள். "கொன்னவன் எப்படி வந்தான், எப்படிப் போனான், எல்லாம் அத்துப்படியா இருக்கு. செத்தவங்களைப் பத்தி ஒண்ணுமே இல்ல. நான் உங்களுக்கு இத்தனை வருஷமா செத்துக்கிட்டிருக்கேன். பயமா இருந்துச்சான்னு ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

"பயமா இருந்ததா?" என்று கேட்டேன்.

"இப்பக் கேட்டா?" என்று சிரித்துவிட்டு, மடித்த துணியை என் கையில் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாள்.

அது நியாயமான விமர்சனம். யாரும் எனக்குச் சொல்லாததை அவள் சொன்னாள். அதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் நான் இந்த நாவலையே ஆரம்பித்தேன். இதை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு பெண்ணோடு தொடர்பு கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது, நாங்கள் முகம் திருப்பிக்கொண்டு தூங்கிய இரவுகள் மிகக் குறைவு. என் கதைகளில் கணவன் மனைவியைக் கொல்லும் காரணங்களில் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

அவளுக்கு ஆஸ்துமா சின்ன வயதிலிருந்தே உண்டு. தூசியும் பெயிண்ட் வாசனையும் ஆகாது. இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டாள். நாவலில் அந்தப் பெண்ணுக்கும் அதே நோயைக் கொடுத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த நோய் அது ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டு, "கடைசில என் இழுப்பும் உங்களுக்குப் பிழைப்பாச்சு" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

சாமான் அறை எங்கள் வீட்டில் நாவலில் இருப்பதுபோலவே மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சன்னல் கிடையாது. பழைய பிரதிகளும் உடைந்த நாற்காலிகளும் அங்கேதான் கிடக்கும். கதவை வேகமாகச் சாத்தினால் வெளிக்கொக்கி தானாக விழுந்துகொள்ளும். "ஆளைக் கூப்பிட்டு அதை மாத்துங்க, யாராவது உள்ள மாட்டிக்கப் போறாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதைக்குத் தேவைப்பட்டது என்பதால் நான் மாற்றவில்லை. அறையில் இருந்த அலமாரிப் பலகைகளுக்கு நானே வார்னிஷ் அடித்தேன். அவை பழசாகியிருந்தன, எப்படியும் அடிக்க வேண்டியதுதான்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டேன். "இருங்க, துணி நனையுது, எடுத்து வச்சுட்டு வந்து சாகறேன்" என்றாள். துணியை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். அறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இந்த வாசனை எனக்கு ஆகாதுன்னு தெரியும்ல?"

"கொஞ்ச நேரம்தான்."

"இதை வச்சுக்கவா?" இன்ஹேலரைக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட அது இருக்காது."

யோசித்தாள். அவள் மறுத்திருந்தால் நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன். இது சத்தியம். ஆனால் அவள் இன்ஹேலரை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "சரி, நமக்குத்தான் பால் இருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினேன். கொக்கி விழுந்தது. இன்ஹேலரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன், எட்டும் தூரத்தில்.

முதலில் நன்றாகவே நடித்தாள். நாடகத்தில் வருவதுபோல, "யாராவது இருக்கீங்களா, என்னைக் காப்பாத்துங்களேன்" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். சிரிப்பை அடக்குவது கதவுக்கு இப்பால் தெரிந்தது. பிறகு இருமல் வந்தது. பிறகு மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ முறை பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து கவனித்ததில்லை. நான் எழுதத் தொடங்கினேன். அதற்குப் பிறகு நடந்தது பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதிகம் மாற்றவில்லை.

கதவைத் திறந்தபோது அவள் கதவை ஒட்டியே கிடந்தாள். இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடி மறுபடி அழுத்தினேன். மருந்து வெளியே புகையாகப் போனது. அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் கையை விலக்கும்வரை அழுதேன். அந்த அழுகை உண்மையானது. இன்றுவரை நின்றபாடில்லை.

ஏதோ எடுக்க உள்ளே போனாள், கொக்கி விழுந்துவிட்டது, நான் மாடியில் எழுதிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்றேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக எத்தனை சிக்கலான பொய்கள் ஜோடித்திருக்கிறேன். எனக்கு இந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கொக்கியை அன்றைக்கே மாற்றியிருந்தால் என்று என் மகள் தன்னைத்தானே நொந்துகொண்டாள். போன தடவை வந்தபோது அம்மா அவளிடமும் சொல்லியிருந்தாளாம், ஆளைக் கூட்டிவரச் சொல்லி. நான் அவள் தலையைக் கோதி, உன் தப்பு இல்லைம்மா என்றேன். அது உண்மைதானே.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. மூக்குக் கண்ணாடி எங்கே, மின்சாரக் கட்டண ரசீது எங்கே, தூக்க மாத்திரை எங்கே, ஒன்றும் தெரியாது. கூப்பிடுவதற்கு வாய் திறந்துவிட்டுப் பிறகு மூடிக்கொள்வேன். சாமான் அறைக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாவலை முடித்தேன். வேறு எங்கே உட்கார்ந்தாலும் எழுத்து வரவில்லை. அந்த வசனத்தைத் தூக்கிவிடலாம் என்று பார்த்தேன். தூக்கினால் அத்தியாயமே செத்துப்போனது. மறுபடி சேர்த்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அடுப்பைக் கழற்றி அனுப்பியது எனக்கு நினைவில்லை. அவள் இருந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பாள்.

மகள் என்னைப் பார்க்க வரவில்லை. வரமாட்டாள் என்று ஆய்வாளர் சொன்னார். இந்தக் காகிதங்களை மட்டும் அவள் படிக்கக் கேட்டிருக்கிறாளாம். அவள் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆகவே எழுதிவிடுகிறேன். மூன்று தடவை.

முதல் தடவை சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். "என்னங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்." என் கை கொக்கிக்குப் போய்விட்டது. இதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளலாம். கொக்கியைத் தொட்டபோதுதான் தோன்றியது, இதுவரை கேட்டதெல்லாம் நடிப்பு, அவள் சொன்ன அந்தப் பயம் இனிமேல்தான் வரும் என்று. கையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை கதவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "சத்தியமா பால் வச்சிருக்கேங்க." எங்கள் சட்டத்தில் சத்தியம் கிடையாது. அந்த ஒரு வசனம் போதும் என்பதுதான் சட்டம். அது போதவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன் என்பதும் புரிந்துவிட்டது, பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

மூன்றாம் தடவை குரல் தரையிலிருந்து, கதவின் அடி இடுக்கு வழியாக வந்தது. என்னிடம் பேசவில்லை. வீட்டில் இல்லாத மகளிடம் பேசினாள். "அப்பாகிட்ட சொல்லும்மா, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு."

மூன்றையும் முழுதாகக் கேட்டேன். மூன்றையும் அதே நேரத்தில் எழுதிக்கொண்டேன். திறக்க நேரம் இருந்தது, அவள் பேச்சு நின்ற பிறகும் இருந்தது. அந்தப் பத்தியை முடித்துவிட்டுத் திறந்தேன். என் மனைவியைக் கொன்றது நான்தான்.

நாவலில் ஒரு தடவைதான் வருகிறது, ஆசிரியை சொன்னது சரி. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் வாசகருக்கு அலுத்துவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். படித்திருந்தால் மற்ற இரண்டையும் அவளே அடித்திருப்பாள்.